பதினேழாம் எண் வீட்டில் மதியச் சாப்பாடு

அந்த அரசாங்க அறிக்கையில் எங்கள் ஊர்க்காரர்கள் மொத்தம் இருநூற்றைந்து பேர். பக்கம் முப்பத்திரண்டு, அட்டவணை ஆறு. பாலொகெரே: குடும்பங்கள் நாற்பத்தொன்று, குடும்பத்துக்குச் சராசரி ஐந்து பேர். அதன் கீழே ஒரு வரி. இத்தனை பெரிய பரப்பில் இத்தனை குறைவானவர்களே வசிப்பதால், இதைக் காலி நிலமாகக் கருதி ஒரு பெரிய பண்ணைக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடலாம் என்று.

என் கணவர் ஒலங்யா காலைத் தேநீரை ஆறவிட்டு அதைப் படித்துக்கொண்டிருந்தார். குலு நகரில் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பொதுக்கொள்கை நடத்தியவர் அவர். அறிக்கைகளை மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதுபோலப் படிப்பார், பின்பக்கத்திலிருந்து.

"லமுனு, போன வருஷம் உங்க சித்தப்பா சாவுக்கு எத்தனை பேர் சாப்பிட்டாங்க?"

"யாரு எண்ணினா? ஊரே சாப்பிட்டது."

"நானும் ஆளை எண்ணல. ஆனா தட்டு கழுவினவங்க கூட நின்னு பேசிட்டிருந்தேன். முந்நூறு தட்டாவது இருக்கும். இவங்க கணக்குப்படி உங்க ஊர்ல ஆளைவிட தட்டு ஜாஸ்தி."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கணக்கெடுப்புக்குப் போன ஆறு பேரில் நானும் ஒருத்தி. பதினேழாம் எண் படிவம் என் கையெழுத்தில் இருந்தது.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர் ஓய்ந்து, எங்களை அடைத்துவைத்திருந்த முகாம்கள் கலைந்த காலத்தில் உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆய்வாளர்கள் எங்கள் பக்கம் வந்தார்கள். அவர்களுக்கு எங்கள் மொழியான அச்சோலி தெரியாது. எங்கள் பெண்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான் உட்காருவேன். பத்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் இருபது வருடம் மற்றவர்களின் கேள்விகளைச் சுமந்து நடந்தால் கொஞ்சம் படிப்பு தானாகவே ஒட்டிக்கொள்ளும். எங்களிடம் கேட்கப்படாத கேள்வி இல்லை. நாங்கள் வாசலில் போய் நின்றதுமே அந்த வீட்டுப் பெண் பாயை விரித்துக்கொண்டே கேட்பாள்: "இன்னைக்கு எதைப் பத்தி? முகாமா, நிலமா, மனசா?"

எத்தனையோ புத்தகங்களின் முதல் பக்கத்தில் நான் இருக்கிறேன், 'என் மொழிபெயர்ப்பாளர் எல்.' என்று. ஒலங்யா அதை வைத்து என்னைச் சீண்டுவார். "உன் பேர்ல ஒரு எழுத்து அச்சுல வந்தாச்சு. மீதியெல்லாம் வர்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் பல்லு போயிடும்."

அந்த வேலைக்கு ஒரே ஒரு விதி. சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. என் அம்மாவையும் இரண்டு அண்ணன்களையும் கொன்ற அந்த இரவைப் பற்றி இன்னொருத்தி சொல்ல, நான் குரல் மாறாமல் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை.

கணக்கெடுப்பில் நான்காம் கேள்வி இது: இங்கே யார் யார் சேர்ந்து சாப்பிடுகிறீர்கள்? சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் எல்லாம் ஒரு குடும்பம். நாடு முழுவதற்கும் இதுதான் இலக்கணம். தலைநகரத்தில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. எங்கள் ஊரில் கல்யாணமான ஒவ்வொருத்திக்கும் தனிக் குடிசை, தனிக் குதிர், தனி வயல், மூன்று கல் வைத்த தனி அடுப்பு. பிள்ளைகளை அவள்தான் வளர்க்கிறாள், பஞ்சம் வந்தால் அவள் குதிர்தான் பேசும். ஆனால் சமைத்ததை யாரும் குடிசைக்குள் வைத்துத் தின்பதில்லை. முற்றத்தின் நடுவே இருக்கும் பொது நெருப்பிடத்துக்கு அவரவர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆண்கள் ஒரு வட்டம், பெண்களும் பிள்ளைகளும் ஒரு வட்டம். தனித்தனியாகச் சாப்பிடுகிறோம் என்று வெளியாளிடம் சொல்வது, எங்கள் வீடு உடைந்துவிட்டது என்று சொல்வதற்குச் சமம்.

அதுவும் முகாமுக்குப் பிறகு. முகாமில் ரேஷன் அட்டைக்கு ஒரு அளவு. அளந்து வாங்கியதை, பக்கத்துக் குடிசைக்கு வாசனை போகாமல், கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைக்கு ஊட்டினோம். அப்படிப் பத்து வருடம். ஊர் திரும்பியதும் ஒஜாரா பெரியப்பா, என் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், வீடு கட்டும் முன்பே நெருப்பிடத்தைத்தான் வெட்டினார். புல் ஆள் உயரம் நின்றது, அதன் நடுவில் ஒரு நெருப்பு.

ஆகவே நான் படிவத்தோடு போய் நான்காம் கேள்வியைக் கேட்டபோது அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "எழுதிக்கோ. எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுறோம்."

குடும்பங்கள்: ஒன்று. எழுதினேன். தலைகளை எண்ணச் சொல்லவில்லை; குடும்பத்துக்கு ஐந்து பேர் என்ற நாட்டுச் சராசரியால் அவர்களே பெருக்கிக்கொள்வார்கள். பேனா தயங்கவில்லை. எனக்கு முன்னால் ஒன்பது அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

இதை ஒலங்யாவிடம் சொன்னேன். அவர் அறிக்கையை மூடி வைத்தார்.

"கெட்டிக்காரி. இருபது வருஷம் துப்பாக்கியால ஒரேயடியா காலி பண்ண முடியாத ஊரை ஒரு பேனாவால காலி பண்ணிட்ட."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். தன் தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "சரி, அழாத. தப்பு உன்னோடது இல்ல, அந்தக் கேள்வியோடது. கேள்வி தப்புன்னு நிரூபிக்கிறதுக்குத்தானே எங்களுக்குச் சம்பளம்."

அம்மாவும் அண்ணன்களும் அந்த மண்ணில்தான் கிடக்கிறார்கள். காலி நிலம் என்று முத்திரை விழுந்தால் பண்ணையின் வேலி அவர்கள் மேலேயே ஓடும். அந்த வாரமே கிளம்பினோம். நேரமும் வண்டியும் இருந்த அளவுக்கு ஆறு வீடுகளில் அடுப்பு அடுப்பாக எண்ணினோம். வீட்டுக்குச் சராசரியாக எட்டு அடுப்பு வந்தது. அவர் ஆட்சேபம் எழுதி அமைச்சகத்துக்கு அனுப்பினார். ஒரு மறுஆய்வுக் குழு வந்து நேரில் விசாரிக்கும் என்று பதில் வந்தது.

பதில் வந்தபோது அவர் மருத்துவமனையில் இருந்தார். கல்லீரல். நான்கு மாதம் என்றார்கள், அவர் ஏழு வாரத்தில் முடித்துக்கொண்டார். எதையும் தவணைக்கு முன்பே முடிக்கிற ஆள். அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள், விசாரணைத் தேதி குறித்த கடிதம் அவர் பெயருக்கு வந்தது. ஆட்சேபித்தவரோ அவரோடு களப்பணி செய்தவரோ நேரில் வராவிட்டால் அறிக்கை அப்படியே ஏற்கப்படும் என்றிருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் ஒஜாரா பெரியப்பாவிடம் போனேன்.

"பெரியப்பா, நாளைக்குக் கேட்டாங்கன்னா ஒன்பது அடுப்பு இருக்குன்னு சொல்லுங்க. அது போதும்."

"என் வீட்டை ஒன்பது துண்டாக்கச் சொல்றியா?"

"துண்டாக்க வேண்டாம். இருக்கிறதைச் சொல்லுங்க."

"இருக்கிறதைத்தான் சொல்வேன். எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுறோம். முகாம்ல இதைச் சொல்ல முடியலையேன்னு எத்தனை நாள் ஏங்கியிருக்கேன் தெரியுமா? இப்ப சொல்லாதன்னா எப்படி?"

திரும்பி வந்துவிட்டேன்.

விசாரணை எங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில், தகரக் கூரைக் கூடத்தில் நடந்தது. ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில், பெண்கள் பக்கவாட்டில் பாய்களில். குழுவின் தலைவி கெமிகிஷா அம்மையார், நாட்டின் மேற்குப் பக்கத்துக்காரர், அச்சோலி தெரியாதவர். பருத்த உடம்பு, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி. அறிக்கையை எழுதிய டாக்டர் செபுலிபா தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்திருந்தார். இளவயது, மடிப்புக் கலையாத சட்டை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் அட்டவணைகளை நம்பியவர்.

ஒலங்யாவின் தாளை நான் படித்தேன். முடித்ததும் செபுலிபா எழுந்தார்.

"மறைந்த நண்பர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஆறு வீட்டை வச்சு ஒரு ஊரை அளக்க முடியாது. அதுவும் ஆறுமே இந்த அம்மாவோட சொந்தக்காரங்க வீடு. தவிர, பதினேழாம் எண் படிவத்துல ஒரு குடும்பம்னு எழுதினது யாரு?"

"நான்தான்" என்றேன்.

கூடத்தில் ஒரு சலசலப்பு.

"அப்ப எது உண்மை? அன்னைக்கு நீங்க எழுதினதா, இன்னைக்கு நீங்க படிக்கிறதா?" அவர் தலைவியின் பக்கம் திரும்பினார். "மேடம், எதுக்கு இவ்வளவு வாதம்? அந்த வீட்டுப் பெரியவர் முன்வரிசையிலேயே இருக்கார். அவரையே கேட்டுடலாம்."

குழுவோடு வந்திருக்க வேண்டிய மொழிபெயர்ப்பாளர் வழியில் வண்டி பழுதாகி நின்றுவிட்டார். கூடத்தில் இரண்டு மொழியும் ஒழுங்காகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தலைவி என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. உள்ளதைச் சொல்வீங்கன்னு நம்பறேன்."

நான்காம் கேள்வியை மறுபடியும் என் வாயாலேயே கேட்டேன். ஒஜாரா பெரியப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை, தலைவியையே பார்த்தார்.

"எங்க வீட்டுல எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுறோம். செத்துப்போன என் தம்பிங்களோட பொண்டாட்டிங்க, என் பசங்க, பேரன் பேத்தி, எல்லாரும். ஒரே நெருப்பு."

அந்தக் கணத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு வாக்கியத்தை மட்டும் நான் சேர்த்தால் போதும். சமைப்பது தனித்தனி, என்று. அதுவும் பொய் இல்லை. செபுலிபாவுக்கு அச்சோலி தெரியாது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் பெரியப்பா அதைச் சொல்லவில்லை.

"எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சொன்ன மீதியையும், அவர் சொன்ன அளவுக்குச் சொன்னேன்.

செபுலிபா உட்கார்ந்தார். பேனாவை மூடினார். தலைவி ஏதோ எழுதினார். ஒலங்யாவின் தாள் என் கையில் ஈரமாகியிருந்தது. இருபது வருட நேர்மையால் என் ஊரை இரண்டாம் முறை அழித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. பெரியப்பாவின் மூத்த மருமகள், அக்வேரோவின் அம்மா. அடங்கிப் பேச அவளுக்கு வராது.

"லமுனு, இவங்க எப்ப முடிப்பாங்க? வெயில் உச்சிக்கு வந்தாச்சு. களி கிண்டி மூடி வச்சுட்டு வந்தேன், கல்லாப் போயிடும்."

பக்கத்தில் இருந்தவள் உடனே சொன்னாள்: "உன் களி சூடா இருந்தாலும் கல்லுதானே அக்கா."

பாய் முழுவதும் சிரித்தது. தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

சொன்னதைச் சொன்னேன், கல் உட்பட. தலைவியின் வாய் ஓரம் அசைந்தது. அந்த அசைவைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ திறந்துகொண்டது.

"மேடம், ஒரு வேண்டுகோள். பதினேழாம் எண் வீடு இங்கிருந்து பத்து நிமிஷ நடை. குழுவை அங்கே மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறோம். நான்காம் கேள்விக்கு அவர் சொன்ன பதில் உண்மையான்னு நீங்களே பார்த்துக்கலாம்."

செபுலிபா பாதி எழுந்தார். "மேடம், சாப்பாடு சாட்சி ஆகாது. நமக்கு ஓட்டல் பொட்டலம் வண்டியிலேயே இருக்கு."

"டாக்டர்," என்றார் கெமிகிஷா அம்மையார் தாள்களை அடுக்கியபடி, "உங்க கேள்வியே சாப்பாட்டைப் பத்தித்தானே? எனக்கும் பசிக்குது. அந்தப் பொட்டலக் கோழியை நேத்தே சாப்பிட்டுப் பார்த்துட்டேன்."

பெண்கள் எங்களுக்கு முன்பே ஓடிவிட்டார்கள். பெரியப்பா ஒரு மந்திரியைப் போல முன்னால் நடந்தார். தன் வார்த்தையைச் சரிபார்க்க ஒரு அரசாங்கமே வருகிறது என்பதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

முற்றத்து நெருப்பிடத்தைச் சுற்றி நாற்காலி போட்டார்கள். ஒரு பெண் மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்ற, கை கழுவினோம். நான் ஒன்றும் பேசவில்லை. பேசக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன்.

முதல் கிண்ணம் வந்தது. அக்வேரோவின் அம்மா கொண்டுவந்தாள். கடலை விழுதில் வெந்த புளிச்சகீரை, ஒரு பெரிய உருண்டைக் களி. மண்டியிட்டு வைத்தாள். அடுத்தவள் எள் அரைத்துவிட்ட துவரை கொண்டுவந்தாள், அவளுக்கும் ஒரு களி. மூன்றாமவள் புகைபோட்ட மீன். நான்காமவள் தட்டைப்பயற்றங்கீரை. தலைவி களியைப் பிட்டு நிமிர்ந்தார்.

"இத்தனை பேரும் ஒரே சமையல்கட்டுல நின்னா சமைக்கிறீங்க?"

கேட்டுவிட்டார். நான் அதை அச்சோலியில் சொன்னேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படியும் ஒரு கேள்வியா என்ற முகம்.

"இவ கூடவா?" என்றாள் அக்வேரோவின் அம்மா. "என் அடுப்பு அதோ, மாமரத்துக்குப் பக்கத்துல. மூணு கல்லும் என் புருஷன் தூக்கிட்டு வந்து வச்சது. இவ அடுப்பு அந்தப் பக்கம். இவ உப்புப் போடவே மறந்துடுவா, இவளை என் அடுப்பாண்ட விடுவேனா?"

"நான் உப்பு மறப்பேன். நீ கடலையை மறப்ப" என்றாள் துவரைக்காரி. "மேடத்தைக் கேளு, எது காலியாகுதுன்னு."

கிண்ணங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொருத்தியும் தன் குடிசையைக் கைகாட்டித் தன் கிண்ணத்தின் பெயரைச் சொன்னாள். யாரையும் நான் தூண்டவில்லை. தன் கையால் சமைத்ததைத் தன்னுடையது என்று சொல்வதில் எந்தப் பெண்ணுக்குத் தயக்கம்? தலைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இடது கையால் எழுத ஆரம்பித்தார். ஏழு. எட்டு. ஒன்பதாவதாகப் பெரியப்பாவின் இளைய தம்பியின் விதவை, நடை தளர்ந்தவள், ஒரு சின்னக் கிண்ணத்தில் பூசணியோடு வந்தாள். "லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. என் குதிர்ல இப்ப இதுதான்."

"டாக்டர், உங்க படிவத்துல இந்த வீட்டுக்கு என்ன இருக்கு?"

செபுலிபா மடியில் விரித்திருந்த தாளைப் பார்த்தார். "பதினேழு. குடும்பம் ஒன்று. ஆட்கள் ஐந்து." சற்று நிறுத்தினார். "சராசரி."

தலைவி எழுந்து நின்று முற்றத்தைச் சுற்றி விரலை நகர்த்தினார். ஆண்கள் வட்டம், பெண்கள் வட்டம், கீரைக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகள். இரண்டு தடவை எண்ணினார். "நாப்பத்துநாலு."

செபுலிபா நெருப்பிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கு இன்றும் அவர் மேல் மரியாதை இருப்பதற்குக் காரணமான வார்த்தையைச் சொன்னார். "நான் நெருப்பை எண்ணியிருக்கேன். அடுப்பை எண்ணல."

அதை நான் அச்சோலியில் சொன்னதும் பெண்கள் குலவையிட்டார்கள். அது எழுந்த வேகத்தில் கூரைமேல் இருந்த கோழி பறந்து போனது. அடுத்த வீட்டிலிருந்து பதில் குலவை வந்தது, அதற்கு அடுத்த வீட்டிலிருந்தும், என்ன விஷயம் என்றே தெரியாமல். பெரியப்பா மட்டும் குழம்பி நின்றார்.

"இதுல என்ன அதிசயம்? எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுறோம்னு கூடத்துலயே சொன்னேனே!"

"ஆமா பெரியப்பா," என்றேன். "உள்ளதைத்தான் சொன்னீங்க."

அன்று பிற்பகலே, அதே கூடத்தில், 'காலி நிலம்' என்ற வரியை அறிக்கையிலிருந்து எடுக்கவும் ஊரை மறுபடி முழுவதுமாக எண்ணவும் குழு உத்தரவிட்டது. புதிய நான்காம் கேள்வியை என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன்: இந்த நெருப்புக்கு எத்தனை பெண்கள் சாப்பாடு கொண்டுவருகிறார்கள்? எல்லா வீட்டிலும் அதற்குப் பதில் வந்தது, பெருமையோடு வந்தது. எண்ணி முடிக்க ஆன மூன்று வாரமும் செபுலிபா எங்களோடு நடந்தார், சட்டை கசங்க. அடுப்புகள் முந்நூற்று முப்பத்தாறு. ஆட்கள் ஆயிரத்து அறுநூற்று எண்பத்து மூன்று. குத்தகைப் பேச்சு நின்றது. வேலி வரவில்லை.

புதிய அறிக்கை எட்டு மாதம் கழித்து வந்தது. அட்டையில் மூன்று பெயர்கள். கடைசியில் செபுலிபா. ஒலங்யாவின் பெயரில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி, மறைந்தவர் என்று. அதற்கு முன்னால், முதல் பெயராக, லமுனு. எல்லா எழுத்துகளும். பல் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதை எடுத்துக்கொண்டு பதினேழாம் எண் வீட்டுக்குப் போனேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது, கிண்ணங்கள் வந்துகொண்டிருந்தன. முதல் பக்கத்திலிருந்து அச்சோலியில் படித்துக் காட்டினேன். எண்பத்து மூன்று என்ற இடத்தில் பெரியப்பா கையைத் தூக்கி, "இரு, போன வாரம் ஒண்ணு பொறந்திருக்கு" என்றார். பென்சிலால் எண்பத்து நான்கு என்று திருத்தினேன். அவர் குனிந்து பார்த்துத் திருப்தியானார்.

அக்வேரோவின் அம்மா கிண்ணத்தைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"என் புளிச்சகீரை அதுல இருக்கா?"

"இருக்கு. பதினாலாம் பக்கம், அடிக்குறிப்பு ரெண்டு."

"என்னன்னு போட்டிருக்கு?"

"'கடலை விழுதில் சமைத்த புளிப்புக் கீரை'னு."

"அவ்வளவுதானா? மேடம் மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்களே, அது?"

"அது இல்ல."

"அப்ப இது என்ன ஆராய்ச்சி?" என்றாள் அவள். கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். "முதல்ல சாப்பிடு. அப்புறமா உக்காந்து ஒழுங்கா இன்னொண்ணு எழுது."